பெரியப்பாவுக்குக் குளிர்கிறது

“அப்போ இருநூறு வாட் எடுத்துட்டுப் போங்க. ஒரேயடியா பிரச்சனை முடிஞ்சுது.”

“போன வாரம் நூறே ஜாஸ்தின்னு சொன்னது யாரு?”

“போன வாரம் நீங்க இவ்வளவு கோவமா வரலையே.”

மீன் தொட்டிக் கடைக்காரர் இதைச் சிரிக்காமல் சொன்னார். அவர் எதையுமே சிரிக்காமல்தான் சொல்வார், அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மேசைமேல் அவள் திருப்பிக் கொண்டுவந்த ஹீட்டர் கிடந்தது. ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாய், உள்ளே சுருள் கம்பி, தலையில் எத்தனை டிகிரி என்று திருகி வைக்கும் குமிழ், வால் மாதிரி ஒரு குட்டை வயர். இதற்கு முன்னால் வாங்கியது ஐம்பது வாட். அதையும் இப்படித்தான், தண்ணீரே சூடாகவில்லை என்று கொண்டுவந்து போட்டாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். இந்தத் தடவை மாற்றுவதற்கு முன்னால் காலால் ஒரு வாளியை இழுத்தார்.

வாளித் தண்ணீரில் ஹீட்டரை அமிழ்த்திவிட்டு, சுவிட்சைப் போடாமல் அப்படியே விட்டார். கண்ணாடி தண்ணீரின் குளிர்ச்சிக்கு வரட்டுமாம், அவசரப்பட்டால் கீறல் விழுமாம். அந்த நேரத்தில் இரண்டு பேருக்கு மீன் பிடித்துக் கொடுத்தார், ஒரு சிறுமியிடம் தங்கமீன் சாக்லேட் சாப்பிடாது என்று விளக்கினார், பிறகு சாவகாசமாக வந்து சுவிட்சைப் போட்டார். ஹீட்டரின் கழுத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பகலெல்லாம் அவள் வேலை செய்வது மூக்குக் கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்க்கும் மேசையில். கண்ணாடி சரியில்லை, எழுத்து கலங்குகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் முகம் சுளிக்காமல் பேசிப் பேசியே அவளுக்குத் தாடை வலி வந்திருக்கிறது. இன்றைக்கு மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது உறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

கடைசியில் அவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, “இப்ப கையை விட்டுப் பாருங்க” என்றார்.

வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல.

“வீட்ல யாராவது ஆஃப் பண்றாங்களா?”

“யாரு பண்ணப் போறாங்க? வீட்ல இருக்கறதே நானும் எங்க அப்பாவும்தான்…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் தேய்ந்தது. கடைக்காரர் ஹீட்டரைத் துணியால் துடைத்து டப்பாவில் வைத்தார்.

“இருநூறு உங்க கோவத்துக்குச் சொன்னது. தொட்டிக்கு நூறு போதும். மேல மூடி இருக்கட்டும், பின்பக்கம் ஒரு தெர்மாக்கோல் அட்டை ஒட்டுங்க, கரண்டும் மிச்சம். ஃபில்டர் தண்ணி வந்து விழற இடத்துல இதை மாட்டுங்க, சூடு பரவும். இவ்வளவு செஞ்சும் குளிர்ந்தா அது ஹீட்டர் கோளாறு இல்லம்மா, வீட்டுக் கோளாறு.”

தொட்டி அவளுடையதே இல்லை. தம்பியுடையது. சின்ன வயதில் தண்ணீரைக் கண்டால் விழுந்து கிடப்பான் என்பதால் வீட்டில் அவனுக்குத் தவளை என்று பெயர். வளர்ந்து தாடி வைத்தும் அது மாறவில்லை. கூடத்தின் ஓரத்தில் தொண்ணூறு லிட்டர் தண்ணீரில் ஒரு காட்டையே வளர்த்திருந்தான். நாடா மாதிரி நீண்டு நெளிகிற செடிகள், மரக்கட்டையில் பிடித்த பாசி, அடியில் கரும்பச்சை இலைகள், நடுவே கூட்டமாக ஓடும் பொடி மீன்கள். அவற்றுக்கெல்லாம் பெரியவராக ஒரே ஒரு கோரமி மீன். அது நெஞ்சுக்குக் கீழே தொங்கும் மீசை போன்ற இரண்டு இழைகளால் ஒவ்வோர் இலையையும் தடவிக் குற்றம் கண்டுபிடிக்கிற மாதிரி திரியும். தவளைதான் அதற்குப் பெரியப்பா என்று பெயர் வைத்தான். அவர்களுடைய நிஜப் பெரியப்பாவும் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரைத் தடவிப் பார்த்து, சுண்ணாம்பு சரியில்லை என்பவர்தான்.

போன குளிர்காலம் முடியும் தறுவாயில் தவளை வேலைக்குப் போயிருந்தபோது, அப்பா பிள்ளைக்கு உதவி செய்கிறேன் என்று தொட்டித் தண்ணீரை மாற்றப் போனார். ஹீட்டரை அணைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீர் இறங்கி, கண்ணாடிக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டு கொதித்தது. அதன்மேல் குழாய்த் தண்ணீரை ஊற்றினார். டப்பென்று விரிசல் விட்டதும் எடுத்துப் போடலாம் என்று கையை விட்டார். கையில் ஷாக் அடித்தது. வீட்டு மின்சாரம் தானாக வெட்டிக்கொண்டதால் ஆள் பிழைத்தார்.

தவளை அரக்கப்பரக்க ஓடிவந்தான். வந்தவன் முதலில் கேட்டது, “மீனுக்கு ஒண்ணும் ஆகலையே?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்ததும், டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சியதும் கணக்கிலேயே வரவில்லை. “என்னைவிட மீன் பெருசாப் போச்சு” என்று அப்பா ஆரம்பித்தார். “உங்களை யாரு தொடச் சொன்னது” என்று அவன் முடித்தான். அப்பா மறுநாளே தொட்டி இருந்த அலமாரிக்குப் பின்னால், சுவரில் ஹீட்டர் மாட்டியிருந்த பிளக் பாயின்டின்மேல் ஒரு தகட்டை வைத்து நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கி மூடினார். அந்தத் தகட்டைப் பார்த்த தவளை பையைக் கட்டிக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான். அங்கே ஆளே நெருக்கித்தான் படுக்க வேண்டும், தொட்டிக்கு ஏது இடம். வேறு வீடு பார்த்ததும் வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். வருகிறேன் என்று சொல்லவில்லை, வண்டி அனுப்புகிறேன் என்றான். வெயில் காலம் முழுக்க ஹீட்டருக்கு வேலையில்லை. இப்போது மறுபடி குளிர் வந்துவிட்டது.

தினமும் சாயங்காலம் போன் வரும். “அக்கா, பெரியப்பா எப்படி இருக்காரு? எத்தனை டிகிரி? இலை ஏதாவது கரையுதா?” அவள் ஒவ்வொன்றாகச் சொல்வாள். அப்பா நாற்காலியில் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்திருப்பார், பக்கம் திரும்பாது. தொட்டியின் சமாச்சாரம் தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்துவிடும். அவன் அப்பாவைப் பற்றிக் கேட்க மாட்டான். அப்பாவும் யார் போனில் என்று கேட்க மாட்டார். மீன்கள் செத்துப்போனால் அந்தப் போனும் நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அப்புறம் வண்டிகூட வராது. அவள் ஹீட்டருக்காக நாயாக அலைந்தது பெரியப்பாவுக்காக மட்டும் அல்ல.

புது ஹீட்டர் வாங்க அப்பா மனமில்லாமல்தான் சம்மதித்தார். தண்ணீர்ப் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது, நேராகச் சுவரில் மாட்ட வேண்டும். எல்லோரும் தூங்கும்போது அந்தச் சனியன் எரியக் கூடாது. இரண்டாவது நிபந்தனைக்கு அவள் தலையை ஆட்டிவைத்தாளே தவிர மதிக்கவில்லை, தூங்கும் நேரத்தில்தானே குளிரே. ஜன்னலோரப் பிளக்கை ஃபில்டர் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் இருந்ததைத் தகடு மூடியிருந்தது. ஹீட்டரின் குட்டை வயர் எட்டியது கூடத்து வாசலோரம் இருந்த சுவிட்ச் பலகைக்கு மட்டுந்தான்.

மாட்டிய நாளிலிருந்து இதே கூத்துதான். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால் தொட்டியில் ஒட்டியிருக்கும் வெப்பமானி இருபத்துநாலு காட்டும். காலையில் எழுந்தால் இருபது. சிவப்பு விளக்கு என்னவோ சமர்த்தாக எரிந்துகொண்டிருக்கும், சுவிட்ச் போட்டபடியே இருக்கும், தண்ணீர் மட்டும் சில்லென்று இருக்கும். எரிகிற அடுப்பில் வைத்த பால் ஆறிப்போகிற கதையாக இருந்தது. பெரிய வாட்டாக வாங்கலாமா என்றால் தவளை போனில் குதித்தான். உள்ளே இருக்கிற கட்டுப்பாடு என்றைக்காவது மாட்டிக்கொண்டால் பெரிய ஹீட்டர் மீனை அவித்துவிடும், சின்னதென்றால் கெட்டாலும் மெதுவாகத்தான் கெடுக்கும், நாம் பார்த்துப் பிடித்துவிடலாம் என்றான். கண்ணாடி வேண்டாம், உலோகத்தில் வாங்கு என்றான். உலோகத்தின் விலையைக் கேட்டு அவள் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தாள்.

இப்போது கடைக்காரர் வாயால் விடை கிடைத்துவிட்டது. வீட்டுக் கோளாறு. வேறு யார்? ராத்திரி எரியக் கூடாது என்று சொன்னவரே ராத்திரி எழுந்து அணைக்கிறார். விடிவதற்குள் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படிக்கிறார். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவள் மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதில் பாதி மறந்துபோயிற்று.

“அப்பா, ஹீட்டர் சுவிட்சை நீங்க தொடறீங்களா?”

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்தத் தாமதமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

“நான் அதை அணைச்சது கிடையாது” என்றார்.

“தொடறீங்களான்னு கேட்டேன்.”

அவர் மறுபடி பேப்பரை உயர்த்திக்கொண்டார். வழக்கில் ஜெயித்த வக்கீலைப் போல அவள் உள்ளே போய், காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் பெரிய எழுத்தில் ‘இதை யாரும் தொடாதீங்க’ என்று எழுதி, ஹீட்டர் சுவிட்சுக்கு மேலே ஒட்டினாள்.

அப்பா எழுந்து வந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மூன்று வார்த்தையை முப்பது வார்த்தை மாதிரி நின்று படித்தார்.

“இந்த வீட்ல யாருன்னா நான்தானே” என்றார். “சரி, தொடலை.”

சொன்ன குரல் அவளுக்கு என்னவோ செய்தது. ஆனாலும் இரக்கப்படுகிற நிலைமையில் அவள் இல்லை. ஹீட்டரை மாட்டி, தெர்மாக்கோல் ஒட்டி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டு, கூடத்து வேலையை முடித்துப் படுக்கப் போனாள்.

மறுநாள் காலை வெப்பமானி பதினெட்டு காட்டியது.

சிவப்பு விளக்கு எரியவில்லை. சுவிட்ச் அணைந்திருந்தது. அதற்கு மேலே ஒட்டிய தாளின் ஒரு மூலை கசங்கி மடிந்திருந்தது, ஒரு உள்ளங்கை அதன்மேல் ஏறி இறங்கிய மாதிரி. பொடி மீன்கள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. பெரியப்பா அடியில், கரும்பச்சை இலைகளுக்கு நடுவே, மீசையை மடக்கிக்கொண்டு சாய்ந்து கிடந்தார். செவுள் மட்டும் மெல்லத் திறந்து மூடியது.

அவள் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்தது. திரும்பினாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

“நேத்துத்தானே சொன்னேன். எழுதி வேற ஒட்டினேன்.”

“அதனாலதான் தொடலை.”

“அப்போ ஆவி வந்து அணைச்சுதா?”

அவர் மடித்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். அந்த மனிதரிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான். அப்பாவாகவும் இருக்கிறார், அதட்டவும் முடியவில்லை. அவள் போனை எடுத்துத் தம்பிக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். இவ்வளவு காலையில் அழைத்ததே இல்லை. தூக்கக் கலக்கத்தில் தலைமுடி நட்டுக்கொண்டு ஒரு முகம் தெரிந்தது.

“பாரு, உன் பெரியப்பாவைப் பாரு” என்று கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். அவன் பதறவில்லை. செவுள் ஆடுதா என்று கேட்டான். ஆடுகிறது என்றாள். வெந்நீர் எதையும் ஊற்றிவிடாதே, ஹீட்டர் மெதுவாக ஏற்றட்டும், மூடியைத் திறக்காதே, சாப்பாடு போடாதே, மத்தியானத்துக்குள் எழுந்துவிடுவார் என்றான். அவன் நிதானமாகப் பேசப் பேச அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. மீனுக்குக் காட்டுகிற நிதானத்தில் கால் பங்கை அன்றைக்கு அப்பாவிடம் காட்டியிருந்தால் அவள் ஏன் இப்படி அல்லாடப் போகிறாள்.

“எனக்கு வேலைக்கு நேரமாச்சு. இங்க நான் யாருக்குன்னு காவல் இருப்பேன், சொல்லு. ஒருத்தர் கரண்ட்டுன்னா பயந்து சாகறார், ஒருத்தன் போன்லயே குடும்பம் நடத்தறான். நடுவுல நான் வாட் கணக்கு, லிட்டர் கணக்குன்னு படிச்சிட்டு, அந்தக் கடைக்காரர் வாளில கையை விட்டு அசிங்கப்பட்டுட்டு வரேன்” என்று பொரிந்துகொண்டே பையை மாட்டினாள், குடையைக் கக்கத்தில் இடுக்கினாள், இடது கையில் போனைத் தொட்டிப் பக்கமாகப் பிடித்தபடி பின்பக்கமாகவே வாசலை நோக்கி நடந்தாள். “இனிமே ராத்திரி பூரா அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்துல பாய் விரிச்சுப் படுக்கறேன், போதுமா?”

“அக்கா. நில்லு.”

“என்ன?”

“இப்ப என்ன பண்ணின?”

“என்ன பண்ணினேன், வேலைக்குக் கிளம்பறேன்.”

“விளக்கு அணைஞ்சுடுச்சு. உன் கையைப் பாரு.”

அவள் பார்த்தாள். வலது உள்ளங்கை சுவிட்ச் பலகையின் அடிப்பகுதியில் இருந்தது. பலகையில் இருந்த அத்தனை சுவிட்சும் அணைந்திருந்தன. காலண்டர் தாளின் இன்னொரு மூலையும் கசங்கியிருந்தது.

இது அம்மா வைத்த வழக்கம். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்து வெளியே போய், திரும்பி வந்தபோது மெத்தை புகைந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து கூடத்தை விட்டுக் கடைசியாகப் போகிறவர் உள்ளங்கையைப் பலகையின் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் போக வேண்டும். எது எரிகிறது, எது எரியவில்லை என்று பார்க்கிற வேலையே கிடையாது. செய்யாமல் போனால் தெருமுனையிலிருந்து கூப்பிட்டுச் செய்ய வைப்பாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கை நின்றதில்லை. கதவைச் சாத்துகிற மாதிரி, செருப்பை மாட்டுகிற மாதிரி, அது தானாகப் போய்விட்டு வந்துவிடும். ராத்திரி படுக்கப் போகையில் ஒருமுறை, காலையில் கிளம்புகையில் ஒருமுறை. அவள் கடைக்காரரிடம் இரண்டு ஹீட்டரைத் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறாள்.

போனில் ஒரு சத்தம் கேட்டது. தவளை சிரித்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டுக்குள் அந்தச் சிரிப்பு கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசிக்கக்கூட அவளுக்கு வெட்கம் விடவில்லை.

“அதுக்குத்தானே நான் அலமாரிக்குப் பின்னாடி மாட்டி வெச்சிருந்தேன்” என்றான். “என் கையும் அப்படித்தான். இந்த வீட்டுக் கை எதையும் நம்ப முடியாது.”

அவள் சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். அப்புறம்தான் ஒன்று உறுத்தியது. ராத்திரி அணைப்பது அவள் என்றால், இத்தனை நாளும் காலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது எப்படி? பகலெல்லாம் அணைந்து கிடந்திருந்தால் சாயங்காலம் இருபத்துநாலு எங்கிருந்து வந்தது?

அப்பா நாற்காலியில் இருந்தபடியே, பேப்பரைப் பார்த்துப் பேசினார்.

“தூங்கும்போது எரியக் கூடாதுன்னு நான் சொன்னதுக்காக நீ அணைக்கறேன்னு நெனச்சேன். சொன்ன பேச்சைக் கேக்குதேன்னு விட்டுட்டேன். காலையில எழுந்து பாத்தா அது அடியில போய் ஒடுங்கிக் கெடக்கும். மனசு கேக்கல, போட்டுவிட்டேன். நீ வேலைக்குப் போனதும் திரும்பப் போடுவேன். தொடாதேன்னு எழுதி ஒட்டினியா, சரி, அதையும் செய்யக் கூடாதுன்னு நெனச்சு இன்னிக்குச் சும்மா இருந்தேன்.”

“உங்களுக்கு மட்டும் கை போகலையாப்பா?”

“ஷாக் அடிச்சதுலேர்ந்து நான் எந்தச் சுவிட்சையும் பாக்காம தொடறதில்ல. ஒத்த விரலால, தள்ளி நின்னு.” வலது கையின் சுட்டுவிரலை நீட்டிக் காட்டினார். காட்டியதும் அதை மடக்கி, மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டார்.

போனில் சிரிப்பு நின்றிருந்தது. முகம் மட்டும் இருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான் போல, பின்னால் சுவர் தெரிந்தது. அவள் போனை அப்பா பக்கம் திருப்பவும் இல்லை, தன் பக்கம் வைத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், தொட்டியின் கண்ணாடியைப் பார்த்த மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. உள்ளே பெரியப்பா ஒரு மீசையை மட்டும் நீட்டி, பக்கத்து இலையைத் தொட்டுப் பார்த்தார்.

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் போனில் கேட்கிற அளவுக்குச் சத்தமாக.

“இது இங்க மாட்டினா சரிப்படாது. பின்னாடி பிளக்கைத் திறந்துவிடணும். தகடு நான் போட்டதுதான், கழட்டலாம்னு நானும் ரெண்டு நாளாப் பாக்கறேன், அன்னிக்குக் கோவத்துல முடுக்கிட்டேன், இப்ப இந்தக் கைக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடி நிக்க மாட்டேங்குது. வண்டியெல்லாம் அப்புறம் அனுப்பட்டும். அவனை ஒரு நடை நேர்ல வந்து அந்த நாலு ஸ்க்ரூவைக் கழட்டிக் குடுத்துட்டுப் போகச் சொல்லு.”